பொருள்வயிற் பிரிவு, பி ஷிப்ட்

சென்னைக்காரர்களுக்குத் தடா என்றால் அருவி. தடாவில் குடியிருக்கும் எங்களுக்கு அந்த அருவி தடாவிலேயே இல்லை. அதன் பெயர் உப்பலமடுகு. வரதய்யபாளையம் பக்கம் போய், சித்துலய்ய கோனா என்கிற காட்டுக்குள் ஓடையோடு ஓடையாக, பாறை மாற்றிப் பாறை ஏறிப் பார்க்க வேண்டிய இடம். ரயிலில் வருபவர் தடாவில் இறங்குகிறார். பைக்கில் வருபவர் தடாவில் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்புகிறார். திருப்பத்தின் பெயர் அருவிக்கு ஒட்டிக்கொண்டது. இதற்காக ஊரில் யாரும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. டீக்கடைக்காரருக்குச் சந்தோஷம்தான்.

கிழக்கே பழவேற்காடு ஏரி. மேற்கே, வானம் தெளிந்த நாளில், மலை. நடுவில் தேசிய நெடுஞ்சாலை 16, அதன் கூடவே சென்னை–கூடூர் ரயில்பாதை. கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் என்று வருகிற சூலூர்ப்பேட்டை மின்ரயில் எல்லையைத் தாண்டி முதலில் நிற்பது இங்கேதான். 2022 ஏப்ரலில் ஆந்திரம் மாவட்டங்களை மறுபடி பிரித்தபோது, அதுவரை நெல்லூரில் இருந்த தடாவும் சித்தூரில் இருந்த சத்தியவேடு, வரதய்யபாளையமும் ஒன்றாகத் திருப்பதி மாவட்டத்துக்கு வந்தன. பலகையெல்லாம் தெலுங்கு. பேச்சு இரண்டும். பக்கத்து வீட்டம்மா காலையில் மதில்மேல் தலையை நீட்டி, "ஏம் கூர அக்கா?" என்பார். என் மனைவி, "கத்திரிக்கா பொரியல்தான் அக்கா, உங்க வீட்ல?" என்பாள். இருவரும் அவரவர் மொழியிலேயே கடைசிவரை பேசி முடித்துவிடுவார்கள். பருப்பு, பால்காரர், மாமியார் எதற்கும் இடையில் ஆள் வேண்டியிருக்காது.

இந்த மலைக்கு ஒரு பழைய முகவரி உண்டு. உப்பலமடுகு அருவி இருக்கும் மலைத்தொகுதியில் உயரமான முகட்டுக்குக் கம்பாக்கம் துர்க்கம் என்று பெயர். ஆங்கிலேயர் காலத்து கெஜட்டியரைப் புரட்டினால் செங்கல்பட்டு ஜில்லாவின் மிக உயர்ந்த இடம் என்று இதைத்தான் சொல்லியிருக்கும். 2,500 அடிக்குக் கொஞ்சம் மேல். அதாவது சென்னையைச் சுற்றியிருந்த ஜில்லாவின் உச்சி இது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் முடிவில், 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாறியது. திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களிலிருந்து சத்தியவேடு பக்கத்து ஊர்கள் ஆந்திரத்துக்குப் போயின. திருத்தணியைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. கைவிட்டுப் போன மலையைப் பற்றிப் பேச ஆளில்லை. சனி ஞாயிறுகளில் பைக்கில் வந்து அதன் மடுவில் குதிக்கிற பையன்களுக்கு, தங்கள் தாத்தா காலத்தில் இது தங்கள் ஜில்லாவாக இருந்தது என்பது தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. நுழைவுச்சீட்டு எல்லோருக்கும் ஒன்றுதான்.

நான் எழுத வந்தது மலையைப் பற்றிக்கூட இல்லை. அதன் அடியில் குடித்தனம் நடத்துவதைப் பற்றி.

2008இல் சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் ஸ்ரீசிட்டி என்ற தொழில்நகரம் தொடங்கியது. ஏழாயிரம் ஏக்கருக்கு மேல். சென்னை மெட்ரோவில் நீங்கள் ஏறியிருந்தால், அந்தப் பெட்டிகளில் பல இங்கேயுள்ள அல்ஸ்டாம் ஆலையில் செய்தவை. கேட்பரி சாக்லேட், கெல்லாக்ஸ், கோல்கேட், இசூசு வண்டி எல்லாவற்றுக்கும் இங்கே ஆலை உண்டு. நிலம் கொடுத்தவர்கள், கொடுக்க மறுத்தவர்கள், கொடுத்துவிட்டு அதே இடத்தில் காவலாளியாக நிற்பவர்கள் என்று அது தனிக்கதை. இன்னொருவர் எழுத வேண்டும். நான் அங்கே ஓர் ஆலையில் வேலை பார்க்கிறேன். மனைவி ரயிலேறிப் போய்த் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் பாடம் நடத்துகிறாள். எல்லையின் இரண்டு பக்கமும் சம்பளம் வருகிற வீடு எங்களுடையது.

ஷிப்ட் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏ ஷிப்ட் காலை 6 முதல் மதியம் 2. பி ஷிப்ட் 2 முதல் இரவு 10. சி ஷிப்ட் 10 முதல் மறுநாள் காலை 6. வாரம் மாறினால் ஷிப்ட் மாறும். உலகம் முழுக்க சி ஷிப்டைத்தான் திட்டுகிறது. ராத்திரி கண் விழிப்பது உடம்புக்கு ஆகாது என்பது உண்மை. வயிறு கெடும், தூக்கம் கெடும். ஆனால் குடும்பம் நடத்துகிறவனைக் கேட்டால், மோசமானது பி ஷிப்ட் என்பான். சி ஷிப்டில் விடிகாலை வீட்டுக்கு வந்தால் மனைவி பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்திலாவது பார்க்க முடியும். ஒரு காப்பி சேர்ந்து குடிக்கலாம். சாயங்காலம் அவள் வரும்போது நான் எழுந்திருப்பேன். கம்பெனி பஸ் வருகிறவரை வீடு வீடாக இருக்கும். பி ஷிப்டில் அவள் திரும்புவதற்கு முன்னால் நான் கிளம்பிவிடுவேன். நான் திரும்பும்போது அவள் தூங்கிவிட்டிருப்பாள். காலையில் அவள் போகும்போது நான் தூக்கத்தில். ஆறு நாளும் ஒரே கூரை, ஒரே குழம்பு. முகம் பார்த்துப் பேசுவது மட்டும் இல்லை.

அந்த வாரங்களில் எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜின் மேல் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கும். வாட்ஸ்அப் இருக்கிறதே என்பீர்கள். ஆலைக்குள் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். அவளுக்கு வகுப்பில் போன் எடுக்கக் கூடாது. நோட்டுதான் நம்பகம். "மாவு புளிச்சிடும், உள்ளே வைங்க." "கேஸ்காரர் வந்தா ஓடிபி இதுல எழுதியிருக்கேன்." "அத்தைக்குக் கண் ஆபரேஷன் தேதி சொல்லிட்டாங்க, அண்ணன்கிட்ட பேசுங்க." அதன் கீழே என் கையெழுத்தில், "பேசியாச்சு, அவர் வரமுடியாதாம்." அந்த வரியில் 'முடியாதாம்' என்பதில் நான் விட்ட காலை அவள் சிவப்புப் பேனாவில் போட்டிருப்பாள். வாத்தியார் புத்தி. அண்ணன் வரமாட்டார் என்ற செய்திக்கு அவள் சொல்ல நினைத்தது நிறைய இருந்திருக்கும். நோட்டில் அதற்கு இடமில்லை. அது ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தது.

இங்கேதான் ஞாயிறு என்பது ஒரு சிக்கலாகிறது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பது வானத்திலிருந்து விழுந்த ஏற்பாடு அல்ல. பம்பாய் ஆலைத்தொழிலாளர்களுக்காக ஜோதிபா பூலேயின் தோழர் நாராயண் மேகாஜி லோகண்டே ஆண்டுக்கணக்கில் மனுக்கொடுத்து, கூட்டம் போட்டு, 1890 ஜூன் 10 அன்று முதலாளிகளை ஒப்புக்கொள்ள வைத்தார். சுதந்திர இந்தியாவின் 1948 தொழிற்சாலைச் சட்டம் 52ஆம் பிரிவில் அதை எழுதி வைத்தது. ஆனால் கூடவே ஒரு வாசலும் வைத்தது: ஞாயிறு வேலை வாங்கினால், அதற்கு முன்னோ பின்னோ மூன்று நாளுக்குள் ஒரு முழுநாள் விடுப்புக் கொடுத்தால் போதும். அந்தச் சட்டம் நடப்பில் இருந்த 2025 வரை, இயந்திரத்தை நிறுத்தாமல் ஓட்டும் ஆலைகள் இந்த வாசல் வழியாகத்தான் நடந்தன. ஒருவருக்குச் செவ்வாய், ஒருவருக்கு வியாழன். இதில் அநியாயம் என்று ஒன்றும் இல்லை, ஓய்வு ஓய்வுதான். செவ்வாய்க்கிழமை ஓய்வெடுக்கிறவனுடைய மனைவி அன்றைக்கு எங்கே இருப்பாள் என்று மட்டும் சட்டம் யோசிக்கவில்லை. அவள் வீட்டில்தான் இருப்பாள் என்று 1948இல் எழுதியவர்கள் நினைத்திருக்கலாம்.

ஆகவே என் வாரவிடுப்பும் அவள் ஞாயிறும் ஒன்றாக விழுகிற நாள் எங்களுக்கு எப்போதாவது அமையும். காலண்டரில் அவள் அதைப் பென்சிலால் வட்டமிட்டு வைப்பாள். பேனாவால் போடுவதில்லை, கடைசி நேரத்தில் ஓ.டி. என்று கூப்பிட்டால் அழிக்க வேண்டுமே. அந்த நாளில் மலைக்குப் போகிறோம்.

ஏன் மலை? ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. பீமுலவாரிபாளையத்தில் படகு உண்டு, பனிக்காலத்தில் பூநாரைகள் உண்டு, நல்ல இறால் உண்டு. அங்கேயும் போவோம். ஆனால் ஏரிக்கரையில் நிற்பவர்கள் எல்லோரும் ஒரே திசையில் பார்க்கிறார்கள். பேச்சும் பறவையைப் பற்றியே போகிறது. மலையில் அப்படிப் பார்க்க ஒன்றுமில்லை. உண்மையாகச் சொன்னால் உப்பலமடுகில் முக்கால்வாசி வழி, அடுத்த காலை எந்தக் கல்லில் வைப்பது என்பதே வேலை. முன்னால் போகிறவர் கையை நீட்ட, பின்னால் வருகிறவர் பிடித்துக்கொண்டு ஏற வேண்டியிருக்கிறது. பி ஷிப்ட் வாரம் முடிந்து வருகிற தம்பதிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கிளம்புவது விடியலில். எலுமிச்சம்பழச் சாதம், தயிர்சாதம், வறுத்த உருளைக்கிழங்கு, ஒரு பெரிய பாட்டில் மோர். அடிவாரத்தை ஒட்டித் தெலுங்கு கங்கைக் கால்வாய் ஓடுகிறது. 1983இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் போட்ட ஒப்பந்தம். 1996இல் முதல் தண்ணீர் தமிழ்நாட்டு எல்லைக்கு வந்தது. எங்கோ ஸ்ரீசைலத்தில் புறப்பட்ட கிருஷ்ணா, சோமசிலா, கண்டலேறு வழியாக இந்த மலைக்காலடியில் நடந்து ஊத்துக்கோட்டை தாண்டிப் பூண்டிக்குப் போய்ச் சென்னைக் குழாயில் விழுகிறது. தண்ணீர் விட்டிருக்கும் மாதங்களில் கால்வாய் விளிம்பில் ஆழமும் வேகமும் பயமுறுத்தும். இல்லாத மாதங்களில் சிமெண்டுச் சரிவில் ஆடு மேயும்.

காட்டு வாசலில் பையைப் பார்த்து, மதுப் பாட்டில் இருக்கிறதா என்று சோதித்து அனுப்புகிறார்கள். சோதிக்க வேண்டியதுதான். இந்த மடுக்களில் செத்தவர்களில் பலர் நீச்சல் தெரியாத இளைஞர்கள், குடித்துவிட்டுக் குதித்தவர்கள். பச்சைத் தண்ணீர் பார்வைக்கு இடுப்பளவு போல இருக்கும். உள்ளே பாறை சட்டென்று கிணறாக இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் மேலே எங்கோ பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே ஓடை புரண்டு வரும். அந்த மாதங்களில் நாங்கள் காட்டுக்குள் ஏறுவதில்லை. தை, மாசி நல்லது. மகா சிவராத்திரிக்குச் சுற்றுவட்டாரமே உள்ளே இருக்கும் சிவனைப் பார்க்கக் குழந்தை குட்டிகளோடு நடந்து வரும்; அன்று காடு காடாக இருக்காது.

அருவிவரை நாங்கள் எப்போதும் போவதில்லை. இதைச் சொன்னால் சென்னை நண்பர்கள் சிரிக்கிறார்கள். இவ்வளவு தூரம் வந்து அருவியைப் பார்க்காமலா? வழியில் ஒரு மடு இருக்கிறது. ஒரு பக்கம் யானை படுத்தாற்போல ஒரு பாறை. காலை வெயில் பட்டு மேல்பகுதி சூடேறியிருக்கும், தண்ணீரில் கிடக்கிற பகுதி சில்லென்று இருக்கும். காலைத் தொங்கவிட்டால் விரல்நீள மீன்கள் வந்து குதிகால் வெடிப்பைக் கொத்தும். அங்கே உட்கார்ந்தால் பேச்சு வரும். என்ன பேச்சு? மலையைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அண்ணன் ஏன் வரமாட்டேன் என்றார். ஆபரேஷனுக்கு யார் துணைக்குப் போவது. அவள் தலைமையாசிரியை சொன்ன ஒரு சொல். என் லைனில் புதிதாக வந்த ஒடியாப் பையன் அழுதது. நோட்டில் எழுத முடியாமல் தேங்கியதெல்லாம் ஒவ்வொன்றாக வரும். சில சமயம் சண்டையும் வரும். நல்ல சண்டை, முடிக்க நேரம் இருக்கிற சண்டை. வீட்டில் எங்கள் சண்டைகள் பஸ் ஹாரன் கேட்டதும் பாதியில் நின்றுபோனவை.

"ஏங்க, தூங்கிட்டீங்களா?"

"இல்லம்மா, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

தூங்கியிருப்பேன். சாப்பாடு முடிந்ததும் அவள் மடியில் தலைவைத்துப் படுத்தால் ஷிப்ட்காரன் உடம்பு அணைத்த மோட்டார் மாதிரி நின்றுவிடும். முதலில் அவளுக்கு இதில் கோபம் உண்டு. ஒருநாள் கிடைத்தால் அதிலும் தூக்கமா என்பாள். அந்தக் கோபம் தணிந்தது சுருட்டப்பள்ளியில்.

ஊத்துக்கோட்டையைத் தாண்டியதும் ஆரணியாற்றங்கரையில் இருக்கிற ஊர் சுருட்டப்பள்ளி. அங்கே பள்ளிகொண்டேசுவரர். பெருமாள்தான் படுத்திருப்பார், சிவன் லிங்கமாக நிற்பார் என்று பழகிய கண்ணுக்கு இது வேறு. ஆலகாலத்தைக் குடித்த மயக்கத்தில் சிவன் நீட்டிப் படுத்திருக்கிறார், தலை அம்பிகையின் மடியில். சுற்றிலும் தேவர்களும் முனிவர்களும் என்ன ஆகுமோ என்று நிற்கிறார்கள். அவள் பதறவில்லை, மடியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். கோயிலைச் சுற்றி வந்தால் இன்னொரு விஷயம் தெரியும். இங்கே தெய்வங்கள் துணையோடு இருக்கின்றன. ஆலமரத்தடியில் தனியாக மௌனம் காக்கிற தட்சிணாமூர்த்திகூட இங்கே தேவியை அணைத்தபடி, தாம்பத்ய தட்சிணாமூர்த்தி. பிரதோஷ நாளில் கூட்டம் நெரியும். சாதாரண நாளில் நிதானமாகப் பார்க்கலாம். என் மனைவி அந்தச் சந்நிதியில் ரொம்ப நேரம் நின்றாள். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, "அவரும் விஷம் குடிச்சிட்டுதான் படுத்திருக்காரு, பரவால்ல, நீங்க தூங்குங்க" என்றாள். பக்தியா கிண்டலா என்று இன்றுவரை கேட்கவில்லை.

அதே சாலையில் புத்தூர்ப் பக்கம் போனால் நாகலாபுரம்; கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாம்பாவின் பெயரில் அமைத்த ஊர், மச்சாவதார வேதநாராயணர். இன்னும் போனால் கைலாசகோனா. நடக்க முடியாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஏற்ற சின்ன அருவி. அதன் பக்கத்தில் நாராயணவனம். ஆகாசராஜன் மகள் பத்மாவதியைச் சீனிவாசன் கல்யாணம் செய்துகொண்டது இங்கேதான் என்பது தலபுராணம். கல்யாணச் செலவுக்குக் குபேரனிடம் கடன் வாங்கினார், இன்னமும் வட்டி கட்டுகிறார் என்பதை அறியாத வீடு இந்தப் பக்கம் இல்லை. கணவர் மேலே திருமலையில். மனைவி கீழே திருச்சானூரில். ராத்திரி நடை சாத்திய பிறகும் அதிகாலை சுப்ரபாதம்வரை அவருக்குக் கிடைக்கும் ஓய்வு கொஞ்ச நேரம்தான். எங்கள் கேன்டீனில் ஒரு மூத்த தொழிலாளி, திருமணக் கடனுக்காக ஓ.டி. மேல் ஓ.டி. பார்த்துக்கொண்டிருந்த பையனைத் தேற்றும்போது இதைச் சொன்னார்: "சாமியே இன்னும் இ.எம்.ஐ. முடிக்கலடா." மேசையே சிரித்தது. பையனும் சிரித்தான், சாப்பிட்டுவிட்டு லைனுக்குப் போனான்.

சங்கப் பாட்டுகளில் பாலைத்திணைக்குப் பொருள்வயிற் பிரிவு என்று ஒரு துறை உண்டு. தலைவன் பொருள் தேடப் போகிறான். தலைவி வீட்டில் நாள் எண்ணுகிறாள். அகநானூற்றில் அவன் கடந்து போகிற மலைகளில் வேங்கடம் அடிக்கடி வரும். மாமூலனார் வேங்கடத்தையும் அதன் தலைவன் புல்லியையும் பல பாட்டில் பாடியிருக்கிறார். தொல்காப்பியப் பாயிரத்துக்கு அதுதான் தமிழின் வட எல்லை. மலைக்கு அந்தப் பக்கம் வேறு மொழி, வேறு தேசம். போனவன் எப்போது வருவான் என்று தெரியாது. அந்த வேங்கடத்துக்குத் தெற்கே கொஞ்சம் தள்ளிக் கிடப்பவைதான் நாங்கள் பார்க்கிற மலைகள். இரண்டாயிரம் வருஷம் கழித்துப் பொருள் தானாகவே மலையடிக்கு வந்துவிட்டது. யாரும் மலையைக் கடக்க வேண்டியதில்லை, கள்வர் பயமில்லை, வேலைக்குக் கம்பெனி பஸ் வாசலுக்கே வருகிறது. ஆனாலும் பிரிவு போகவில்லை. அது வழியிலிருந்து வீட்டுக்குள் வந்து, ஒருவர் எழுந்த பாயில் இன்னொருவர் படுப்பதாக மாறியிருக்கிறது. சங்கத்துத் தலைவிக்குக் கார்காலம் என்று ஒரு கெடுவாவது இருந்தது. மழை வந்தால் அவன் வருவான். ஷிப்ட் அட்டவணைக்குப் பருவம் கிடையாது.

எங்கள் தெருவிலேயே இரண்டு பேரும் ஆலைக்குப் போகிற ஜோடி ஒன்று உண்டு. வேறு வேறு கம்பெனி. கல்யாணமாகி இன்னும் ரொம்ப நாள் ஆகவில்லை. அவனுக்கு ஏ வரும்போது அவளுக்கு பி. அவளுக்குச் செவ்வாய் ஆஃப் என்றால் அவனுக்கு வெள்ளி. மதியம் ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். அவன் இறங்கினான், அவள் ஏற நின்றாள். வீட்டுச் சாவியைக் கைமாற்றிக்கொண்டார்கள். "சாம்பார் அடுப்புலயே இருக்கு, சூடு பண்ணிக்கோ" என்று அவள் படியில் நின்று சொல்ல, டிரைவர் ஹாரன் அடித்தார். அவர்களையும் மலைக்குக் கூட்டிப் போகலாமே என்று என் மனைவி பலமுறை சொல்லியிருக்கிறாள். நான்கு பேருக்கும் ஒன்றாக நாள் அமைவதே இல்லை.

திருமணம் என்பதே சில ஆலைகளுக்குத் தொந்தரவாகத் தெரிகிறது என்று பேச்சு ரொம்ப நாளாக உண்டு. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு புலனாய்வு வெளியிட்டது: ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் கோக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களை அந்த வேலைக்கு எடுப்பதைத் தவிர்த்தார்கள் என்று. நிறுவனம் அதை மறுத்தது. மத்திய அரசு தமிழ்நாட்டிடம் அறிக்கை கேட்டது. அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் கேன்டீனில் யாரும் அதிர்ச்சி அடையவில்லை. குடும்பம் என்றால் லீவு, பிள்ளை என்றால் லீவு என்று சூப்பர்வைசர்கள் அலுத்துக்கொள்வதை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

இப்போது மணிக்கணக்கு வேறு. 1948 சட்டத்தில் நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று இருந்தது. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறியது. எதிர்ப்பு வலுத்ததும் அரசு அதை நிறுத்திவைத்தது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். 2025 ஜூனில் ஆந்திர அமைச்சரவை நாளுக்கு 9 என்பதை 10 ஆக்க ஒப்புதல் தந்தது. வாரத்துக்கு 48 என்பதைத் தொடவில்லை. ஒருநாள் கூடுதலாக உழைத்தால் இன்னொரு நாள் கூடுதலாக ஓய்வு கிடைக்கும் என்று ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள். கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? சேர்ந்தாற்போல் இரண்டு நாள் கிடைத்தால் தலக்கோனா அருவிக்கே போய்த் தங்கிவிட்டு வரலாம். ஆனால் ஆலையில் கூடுதல் மணி முதலில் வரும், அதற்கு ஈடான ஓய்வு 'அடுத்த மாதம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்' என்று பின்னால் வரும். சேர்த்துவைத்த காம்ப் ஆஃப் காலாவதியாகிப் போனவர்கள் எல்லா ஆலையிலும் இருக்கிறார்கள். பத்து மணி வேலை, அரைமணி சாப்பாடு, போகவர பஸ்: நாளில் பாதி போய்விட்டது. மீதியில் தூங்க வேண்டும். ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் நோட்டு இன்னும் தடிமனாகும்.

மலைக்குப் போகிற தம்பதிகளைப் பற்றி எழுதச் சொன்னால் இயற்கை, அமைதி, நகரத்திலிருந்து விடுதலை என்று எழுதுவது வழக்கம். எனக்கு அப்படி எழுத வரவில்லை. மலை நல்ல மலைதான். ஆனால் அங்கே எங்களுக்குக் கிடைப்பது சேர்ந்திருக்கிற ஒரு பகல். அதை மொட்டைமாடியிலும் கொடுக்கலாம், கொடுக்கிறவர்கள் கொடுத்தால். கொடுக்கிறவர் ஸ்ரீசிட்டியில் ஏதோ ஓர் அறையில் எக்ஸெல் தாளைத் திறந்து அடுத்த மாத அட்டவணை போடுகிற மனிதர். கல்நெஞ்சக்காரர் இல்லை, அவருக்கும் மேலே ஒருவர் எண்ணிக்கை கேட்கிறார். அந்தத் தாளில் ஆளின் பெயர், எண், லைன், திறமை எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது.

இன்னும் ஒரு கட்டம் சேர்க்கச் சொல்கிறேன். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற வீடாக இருந்தால், வேறு வேறு கம்பெனியாகவே இருந்தாலும், மாதத்தில் ஒரு வாரவிடுப்பாவது இருவருக்கும் ஒரே நாளில் விழட்டும். பழைய சட்டத்தின் 52ஆம் பிரிவில் இருந்த மூன்று நாள் முன்பின் என்கிற வாசலே அதற்குத் தாராளமாக இருந்தது. புதுச் சட்டம் தேவையில்லை, உற்பத்தியும் குறையாது. அட்டவணை போடுகிறவர் போடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "உங்க வீட்ல அவங்களுக்கு என்னைக்கு ஆஃப்?"